மரியோ கொண்டெல்லோ கொலை: விசாரணைக்கு முந்தின இரவு

தெற்குவாசல் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். மெல்பர்னுக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. அதில் ஆறு வருடமாக நான் வேலைக்குப் போகும் வழி நார்த் ரோடு. பிரைட்டன் பக்கம் தொடங்கிக் கிழக்கே நீண்டு போகும் பெரிய சாலை. போன மாதம் என்னோடு வண்டியில் வந்த அலுவலக நண்பர் ஓரிடத்தைத் தாண்டும்போது கையைக் காட்டி, "இங்கேதான் கொண்டெல்லோவைச் சுட்டார்கள்" என்றார். அன்று ராத்திரி படிக்க உட்கார்ந்தவன் மூன்று வாரமாக விடவில்லை. தமிழில் இதைப் பற்றி உருப்படியாக ஒன்றும் கண்ணில் படாததால் இங்கே எழுதுகிறேன்.

மரியோ கொண்டெல்லோ கலாப்ரியாவிலிருந்து வந்த இத்தாலியக் குடும்பத்துப் பிள்ளை. சட்டம் படித்து வழக்கறிஞரானவர். பிறகு தொழில் உரிமம் போயிற்று, சிறைக்கும் போனார். வெளியே வந்தபின் பெரிய தொகைகளை வட்டிக்கு விடுவது, பணத்தைச் சலவை செய்வது என்று வாழ்ந்தவர். கார்ல்டன் கும்பல் என்று பத்திரிகைகள் பெயர் வைத்த கூட்டத்தில் மிக் காட்டோவுக்கு நெருக்கமானவர். 1998 ஜனவரியில் ஆல்ஃபோன்ஸ் கேங்கிட்டானோ கொல்லப்பட்டதில் ஆரம்பித்து, மெல்பர்னில் எட்டு வருடத்துக்குமேல் நடந்த தொடர் கொலைகள் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். எதிர்ப்பக்கத்தில் நின்றவர் கார்ல் வில்லியம்ஸ்.

2004 ஜூன் 9. பிரைட்டன் கல்லறைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் கொண்டெல்லோவைச் சுடக் காத்திருந்த இருவரைப் போலீஸ் பிடித்தது. வில்லியம்ஸையும் அன்றே கைது செய்தார்கள், அதற்குப்பின் அவர் வெளியே வரவே இல்லை. சில நாளில் கொண்டெல்லோவும் கைது. வில்லியம்ஸையும் அவர் அப்பா ஜார்ஜையும் கொல்ல ஆள் ஏற்பாடு செய்தார் என்பது குற்றச்சாட்டு. பேச்சைப் போலீசுக்காகப் பதிவு செய்தவர், அவர் நம்பிப் பேசிய ஆளேதான்.

2005இல் பிணை கிடைத்தது. இரவு 10 மணிக்குள் வீட்டில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனைகளில் ஒன்று. 2006 பிப்ரவரி 7, செவ்வாய்க்கிழமை விசாரணை தொடங்க வேண்டும். 6ஆம் தேதி இரவு, பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால், வீட்டுக் கார் ஷெட்டுக்குள் வண்டியை ஏற்றியவரைச் சுட்டுக் கொன்றார்கள். வயது 53.

என்னைத் தூங்க விடாத விஷயம் ஒன்று இருக்கிறது. 2007இல் கார்ல் வில்லியம்ஸ் ஒப்புக்கொண்ட குற்றங்களில் கொண்டெல்லோவைக் கொல்லச் சதி செய்ததும் ஒன்று. அதாவது 2004இல் நடக்காமல் போன கொலைக்குத் தண்டனை உண்டு. 2006இல் நடந்த கொலைக்கு இன்றுவரை ஒருவருக்கும் தண்டனை இல்லை. இது இந்த ஊரில் யாருக்குமே உறுத்தவில்லையா?

---

கார்த்தி_88

அண்ணா, நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா எனக்கு உறுத்தல. நேராவே சொல்லிடறேன்.

எங்க அப்பா ஒரு மளிகைக் கடை வச்சிருந்தார். தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்கின கடன், வட்டி மீட்டர் வட்டியாகி, கடையே போச்சு. வசூலுக்கு வந்தவன் எங்க அம்மா முன்னாடி பேசின பேச்சு இன்னும் காதுல இருக்கு. அந்த மாதிரி ஆள்கள் எல்லா ஊர்லயும் உண்டு. சட்டம் படிச்சவன் அந்த வேலையைச் செஞ்சா இன்னும் மோசம். எந்த இடத்துல கையெழுத்து வாங்கினா எதிராளி தப்பிக்க முடியாதுன்னு அவனுக்குத் தெரியும்.

போலீஸ் நேரம் குறைவு, பணம் குறைவு. அந்த நேரத்தை ஒண்ணும் தெரியாம செத்தவங்க குடும்பத்துக்குச் செலவு பண்ணட்டும்.

---

பனையோலை

தம்பி தெற்குவாசல், நான் 87இல இஞ்ச வந்தனான். 2006 பெப்ரவரி எனக்கு நல்ல ஞாபகம். காலமை வேலைக்குப் போகேக்க வானொலியில சொன்னவை. பக்கத்தில இருந்த இத்தாலியக் கிழவர், எங்கட தொழிற்சாலையில இருவது வருசம் என்னோட வேலை செய்தவர், வானொலியை நிப்பாட்டிப்போட்டார். ஒரு சொல்லும் சொல்லேல்லை. மனிசன் தக்காளி விலையில இருந்து பாப்பரசர் வரைக்கும் எல்லாம் கதைக்கிறவர். அண்டைக்கு மட்டும் வாயே திறக்கேல்லை.

உங்களுக்கு இது 98இல தொடங்கின கதை மாதிரித் தெரியுது. அது இன்னும் பழசு. நாங்கள் எல்லாரும் விக்டோரியா மார்க்கெட்டில கத்தரிக்காய், வெண்டிக்காய் வாங்கப் போறனாங்கள்தானே? அந்தச் சந்தையில ஆர் ஆருக்குக் கப்பம் கட்டுறது எண்ட சண்டையிலதான் 1963இலயும் 64இலயும் கொலை விழுந்தது. வின்சென்சோ ஆஞ்சிலெட்டா எண்டவர் முதல், பிறகு வின்சென்சோ முரத்தோரே. அமெரிக்காவில இருந்து மாஃபியா பற்றித் தெரிஞ்ச நிபுணர் ஒராளையும் அரசாங்கம் கூப்பிட்டு விசாரிச்சது. முரத்தோரேயின்ர மகன் அல்ஃபோன்சோவையும் 1992இல சுட்டுக் கொலை செய்தவை.

பிறகு நியூ சவுத் வேல்ஸில கிரிஃபித் ஊர். டொனால்ட் மக்கே எண்ட தளபாடக் கடைக்காரர், கஞ்சாத் தோட்டத்துக்கு எதிராக் கதைச்சவர், 1977 ஜூலை 15 பின்னேரம் காணாமப் போனார். இண்டைக்கு வரைக்கும் உடல் கிடைக்கேல்லை.

ஆர் சாட்சி சொல்லுவினம்? சொன்னால் நாளைக்குத் தேவாலயத்தில அதே ஆக்களுக்குப் பக்கத்தில இருக்கவேணும். பயம் எண்டதைவிட அது பழக்கம். எங்கட ஊரிலயும் எண்பதுகளில நாங்கள் அப்பிடித்தான் இருந்தனாங்கள். ஆர் சுட்டது எண்டு தெருவுக்கே தெரியும், ஆனால் ஒருத்தருக்கும் தெரியாது. அதாலதான் அந்தக் கிழவர் வானொலியை நிப்பாட்டினது எனக்கு விளங்கினது.

---

குறுக்குவிசாரணை

சென்னையில் முப்பது வருடம் குற்றவியல் வழக்காடிவிட்டு ஓய்வில் இருப்பவன். மெல்பர்ன் வழக்கைப் பத்திரிகை வழியாகத்தான் தொடர்ந்தேன். இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்.

குற்றம் சாட்டப்பட்டவர் இறந்தால் வழக்கு அற்றுப்போகும். அதற்கு மேல் அவர் செய்தாரா இல்லையா என்று எந்த நீதிமன்றமும் சொல்லாது. ஆகவே கொண்டெல்லோ மீதான சதிக் குற்றச்சாட்டு நிரூபிக்கப்படாத குற்றச்சாட்டு. இழையில் எழுதுபவர்கள் இதை மனதில் வையுங்கள்.

அடுத்தது அந்த 10 மணி நிபந்தனை. பிணை நிபந்தனை திறந்த நீதிமன்றத்தில் சொல்லப்படுவது, பத்திரிகையில் வருவது. கொலை மிரட்டல் உள்ள ஒருவரை, எல்லோருக்கும் தெரிந்த ஒரு நேரத்துக்குள், எல்லோருக்கும் தெரிந்த ஒரு வாசலுக்குத் தினமும் வரவைத்தால் என்ன ஆகும்? கொலையாளி பின்தொடர வேண்டியதில்லை. ஷெட்டுப் பக்கம் நின்றால் போதும். அந்த நிபந்தனையைப் போட்ட நீதிபதியை நான் குறை சொல்லவில்லை. தப்பி ஓடக்கூடியவர், சாட்சியைக் கலைக்கக்கூடியவர் என்று பார்க்கும்போது அப்படித்தான் போடுவார்கள். ஆனால் இவரைத் தேடி 2004இலேயே துப்பாக்கியோடு ஆள் வந்தாயிற்று. நிபந்தனை எழுதும்போது குற்றவாளியாகலாம் என்ற ஒரு கண்ணால் மட்டும் அவரைப் பார்த்தார்கள். பலியாகலாம் என்ற இன்னொரு கண் திறக்கவில்லை.

என் கட்சிக்காரர் ஒருவர் காலை பத்தரை மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போடப் போகும் வழியில் வெட்டுப்பட்டார். நிபந்தனையைத் தளர்த்தச் சொல்லி மனுப்போடத் தாமதித்தது நான். அதனால் இந்த இடம் எனக்கு வெறும் சட்டப் புள்ளி அல்ல.

---

தெற்குவாசல்

ஐயா, நீங்கள் சொன்னதும் நேரத்தைச் சரிபார்த்தேன். பிப்ரவரி தொடக்கத்தில் இங்கே சூரியன் மறைவதே எட்டரை மணி வாக்கில். பத்துக்கு முன்னால் என்றால் இருட்டி ஒரு மணி நேரம்தான் ஆகியிருக்கும். கோடைக்கால இரவு வேறு, ஜன்னல்கள் திறந்திருக்கும். இவ்வளவு பேர் வாழும் சாலையில், குண்டுச் சத்தத்துக்குப் பிறகு, ஒரு ஆள் நடந்தோ வண்டியிலோ போய்விட்டான்.

கார்த்தி, உங்கள் அப்பாவுக்கு நடந்ததைப் படித்தேன். மனசு கனத்துவிட்டது. அதற்குப் பதில் சொல்ல எனக்கு இரண்டு நாள் வேண்டும்.

---

ராட்டர்டாம்குமரன்

நெதர்லாந்திலிருந்து எழுதுகிறேன். இங்கே ஏறக்குறைய இதே காலத்தில் இதே மாதிரி ஒன்று நடந்தது.

எவர்ட் ஹிங்ஸ்ட், வரிச் சட்டம் தெரிந்த ஆம்ஸ்டர்டாம் வழக்கறிஞர். பாதாள உலகத்துப் பணத்துக்கு வழி காட்டினார் என்று சந்தேகிக்கப்பட்டவர். 2005 அக்டோபர் 31 அன்று ஹெரிட் ஃபான் டெர் ஃபேன் தெருவில், தன் வீட்டு வாசலில் சுடப்பட்டார். இரண்டே நாளில், நவம்பர் 2ஆம் தேதி, அவருடைய கட்சிக்காரராக இருந்த ஜான் மீரமெட் தாய்லாந்தின் பட்டாயாவில் கொல்லப்பட்டார். அதே நாளில் ஆம்ஸ்டர்டாமில் கேஸ் ஹௌட்மன். மூன்று நாளில் மூன்று பேர்.

இதில் மீரமெட், ஹௌட்மன் கொலைகளுக்காக வில்லம் ஹோலேடருக்கு 2019 ஜூலையில் ஆயுள் தண்டனை கிடைத்தது. 1983இல் பீர் முதலாளி ஃப்ரெடி ஹைனகனைக் கடத்திய அதே ஹோலேடர்தான். அவருடைய சொந்தத் தங்கை, அவரும் வழக்கறிஞர், அண்ணன் பேச்சை ரகசியமாகப் பதிவு செய்து சாட்சி சொன்னதால் நடந்த காரியம் அது. ஆனால் வழக்கறிஞர் ஹிங்ஸ்ட் கொலைக்கு யாரும் தண்டிக்கப்படவில்லை.

இப்போது இன்னொரு வழக்கறிஞரைப் பாருங்கள். டெர்க் வீர்சம். அரசுத் தரப்பு சாட்சியாக மாறிய ஒருவருக்காக வாதாடியவர், சுத்தமான மனிதர். 2019 செப்டம்பர் 18 காலை வீட்டுக்கு வெளியே, மனைவியின் கண்முன் சுட்டார்கள். நாடே கொதித்தது. இரண்டு வருடம் கழித்து, 2021 அக்டோபரில், இருவருக்கு ஆளுக்கு 30 ஆண்டு சிறை.

இரண்டும் வழக்கறிஞர் கொலை. ஒன்றில் ஊர் சேர்ந்து நின்றது, ஒன்றில் கதவைச் சாத்திக்கொண்டது. விசாரணைக் கருவிகள் 2005க்கும் 2019க்கும் நடுவில் வளர்ந்துவிட்டன என்பதும் உண்மை. வீர்சம் வழக்கில் தொலைபேசித் தடயங்களும் கேமராக்களும் பெரிதும் உதவின. ஆனால் அது மட்டுமே காரணம் என்று நான் ஏற்கமாட்டேன். ஹிங்ஸ்ட் செத்தபோது இங்கே என் சக ஊழியர்கள் கார்த்தி சொன்னதையேதான் சொன்னார்கள்.

---

மட்டுறுத்துநர்

ஒரு பதிவை நீக்கியிருக்கிறேன். கொண்டெல்லோவைச் சுட்டவர் என்று பத்திரிகைகளில் ஊகமாக வந்த ஒருவர் பெயர் அதில் இருந்தது. வழக்கே பதியப்படாத கொலையை யார் மீதும் ஏற்றி இங்கே எழுத வேண்டாம்.

அதேபோல 2004இல் கொண்டெல்லோவோடு சேர்த்துக் குற்றம் சாட்டப்பட்ட அவருடைய வழக்கறிஞரின் பெயரையும் தவிர்த்துவிடுங்கள். அவர் மீதான குற்றச்சாட்டு 2005இல் திரும்பப் பெறப்பட்டது. பல வருடம் கழித்தும் தன் பெயரைத் தேடினால் அந்தப் பழைய கைதுச் செய்தியே முதலில் வருகிறது என்று கூகுள் மீது அவதூறு வழக்குப் போட்டார். முதலில் 40,000 டாலர் இழப்பீடு கிடைத்தது. 2022 ஆகஸ்டில் ஆஸ்திரேலியாவின் மிக உயர்ந்த நீதிமன்றம், இணைப்பைக் காட்டியதாலேயே கூகுள் அந்தச் செய்தியை வெளியிட்டதாக ஆகாது என்று ஐந்துக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்பை மாற்றியது. வழக்கில் அவர் தோற்றாலும், அவர் மீது எந்தக் குற்றமும் இல்லை என்பது மாறவில்லை. அந்தப் பெயரைத் தமிழிலும் தேடலில் ஏற்ற நாம் காரணமாக வேண்டாம்.

---

நீலமலர்

இந்த இழையை ஆரம்பத்திலிருந்து படித்துவருகிறேன். எழுதலாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். நான் மெல்பர்னில் நீதிமன்றங்களிலும் சட்ட உதவி அலுவலகங்களிலும் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன்.

கொண்டெல்லோ கொலை நடந்த காலத்தைச் சுற்றி இன்னொரு பெரிய விஷயம் இருக்கிறது. இன்னும் யாரும் அதைத் தொடவில்லை. நிகோலா கோபோ. மெல்பர்ன் பாதாள உலக வழக்குகளில் இரு பக்கத்துக்கும் பழக்கமான வழக்கறிஞர். போதைப்பொருள் வழக்குகளில் சிக்கிய டோனி மொக்பெல் உட்படப் பல பெரிய பெயர்களுக்கு ஆஜரானவர். 2005 செப்டம்பரில் விக்டோரியா போலீஸ் அவரைத் தகவலாளியாகப் பதிவு செய்தது. எண் 3838. தன் கட்சிக்காரர்களைப் பற்றியே போலீசுக்குச் சொல்லிக்கொண்டு, அதே கட்சிக்காரர்களுக்காக நீதிமன்றத்தில் நின்றார். கொண்டெல்லோ கொல்லப்பட்டது அதற்கு ஐந்து மாதம் கழித்து. இரண்டுக்கும் தொடர்பு என்று நான் சொல்லவில்லை, தயவுசெய்து அப்படிப் படிக்காதீர்கள். அந்த ஊரின் காற்று எப்படி இருந்தது என்பதற்காகச் சொல்கிறேன். யாரிடம் பேசினால் எங்கே போய்ச் சேரும் என்று யாருக்கும் நிச்சயம் இல்லாத காலம் அது.

2018 டிசம்பரில் விஷயம் வெளியே வந்தது. அவரும் போலீசும் செய்ததை நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் மிகக் கடுமையான சொற்களால் கண்டித்தது. பிறகு முன்னாள் நீதிபதி மார்கரெட் மெக்மர்டோ தலைமையில் விசாரணை ஆணையம். 2020 நவம்பரில் வந்த அறிக்கை, 1,011 பேருடைய தண்டனைகள் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்றது. ஃபரூக் ஓர்மன் என்பவர் ஒரு கொலை வழக்கில் பன்னிரண்டு வருடம் உள்ளே இருந்துவிட்டு 2019 ஜூலையில் வெளியே வந்தார், தண்டனை ரத்து. கோபோ அவருக்கு வழக்கறிஞராக இருந்துகொண்டே அவருக்கு எதிரான சாட்சிக்கும் உதவியிருக்கிறார். இந்த விவகாரத்துக்காகவே தனி விசாரணை அலுவலகம் அமைத்தார்கள். ஒருவர் மீதும் வழக்குப் போடாமலேயே அதை மூட 2023இல் அரசு முடிவு செய்தது.

இது எனக்கு ஏன் சொந்த விஷயம் என்று சொல்கிறேன். என் வேலையில் பாதி, அறைக்குள் மூன்று பேர் உட்கார்ந்திருப்பது. வழக்கறிஞர், கட்சிக்காரர், நான். கட்சிக்காரர் பெரும்பாலும் படகில் வந்த பையனாக இருப்பான், அல்லது கணவனிடம் அடிபட்ட பெண்ணாக. வழக்கறிஞர் முதலில் சொல்வது, "நீங்கள் சொல்வது இந்த அறையைத் தாண்டாது." அதைத் தமிழில் நான்தான் சொல்வேன். என் வாயால் வரும் வாக்கு அது. 2018க்குப் பிறகு ஒரு பையன் என்னைப் பார்த்துக் கேட்டான். வழக்கறிஞரைப் பார்த்து இல்லை, என்னைப் பார்த்து. "அக்கா, இவங்க சொல்றது உண்மையா? இங்க ஒரு லாயர் போலீசுக்குச் சொல்லிட்டாங்களாமே?" மொழிபெயர்ப்பாளராக நான் அவனுக்கு நேரடியாகப் பதில் சொல்லக் கூடாது. கேள்வியை ஆங்கிலத்தில் சொன்னேன். வழக்கறிஞர் நல்ல பெண், கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அது நடந்தது, நடந்திருக்கக் கூடாது, நான் அப்படிச் செய்யமாட்டேன்" என்றார். அதைத் தமிழில் சொன்னேன். அவன் அன்றைக்குப் பாதிக் கதைதான் சொன்னான். அந்தப் பாதியை வைத்துத்தான் அவன் மனு போயிற்று.

கார்த்தி தம்பி, கெட்டவர்களைப் பிடிக்கத்தானே செய்தார்கள் என்று கோபோ விஷயத்திலும் நிறைய பேர் சொன்னார்கள். கெட்டவர்களுக்கு என்று தனியாக ஒரு சட்டத்தை மெல்ல ஒதுக்கினால், கடைசியில் அதற்கான விலையைக் கொடுப்பவன் அந்தப் பையன்.

---

கார்த்தி_88

அக்கா, நீங்க சொன்னதை மூணு தடவ படிச்சேன். கோபோ விஷயத்துல நீங்க சொல்றது சரி. ஆனா ரெண்டும் ஒண்ணு இல்ல. கோபோ விஷயத்துல தப்பு பண்ணினது போலீஸ், அரசாங்கம். அதைக் கேள்வி கேக்கணும். கொண்டெல்லோவைச் சுட்டது இன்னொரு ரவுடி. வில்லியம்ஸோட எதிரி ஜேசன் மொரானை 2003 ஜூன்ல சின்னப் பசங்க ஃபுட்பால் விளையாடற இடத்துல, அவன் குழந்தைங்க வேனுக்குள்ள இருக்கும்போதே சுட்டாங்க. அதுக்கு நான் கோபப்படுவேன், அந்தப் பசங்களுக்காக. கொண்டெல்லோவுக்காக என்னால கோபப்பட முடியல. வராத கோபத்தை வந்த மாதிரி எழுத மாட்டேன்.

---

குறுக்குவிசாரணை

தம்பி கார்த்தி, கோபம் வரவில்லை என்று சொன்னதில் தவறில்லை. சட்டம் உங்களிடம் கோபத்தைக் கேட்கவில்லை. அதற்காகத்தான் அரசுத் தரப்பு என்று ஒன்றை வைத்திருக்கிறோம். செத்தவனுக்காக அழ யாருமே இல்லாவிட்டாலும் கோப்பு நகர வேண்டும்.

நீலமலர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கட்சிக்காரர் வழக்கறிஞரிடம் சொன்னது வெளியே போகக் கூடாது என்பது நம் பழைய சாட்சியச் சட்டத்திலும் 126ஆம் பிரிவாக இருந்தது. ஆங்கிலேயச் சட்டத்திலிருந்து நமக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் வந்த ஒரே வேர். அந்தப் பாதுகாப்புக்கு ஒரு விலக்கும் உண்டு. குற்றத்தைச் செய்வதற்காகவே நடந்த பேச்சுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. செய்து முடித்த குற்றத்துக்காக என்னிடம் வருபவன் என் கட்சிக்காரன். செய்யப்போகும் குற்றத்துக்கு வழி கேட்டு வருபவனுக்கு நான் வழி சொன்னால் நான் அவன் கூட்டாளி. கொண்டெல்லோ போன்றவர்கள் தாண்டியது இந்த எல்லைக்கோட்டை. கோபோ தாண்டியது இதற்கு எதிர்ப்பக்கக் கோட்டை. தொழிலில் இருந்தவனாகச் சொல்கிறேன், முதல் கோட்டை ஒரே நாளில் யாரும் தாண்டுவதில்லை. முதலில் கட்சிக்காரர் கட்டணத்தை ரொக்கமாகக் கொடுப்பார். பிறகு ஒரு விருந்துக்குக் கூப்பிடுவார். பிறகு "ஒரு வாரம் இந்தப் பணம் உங்களிடம் இருக்கட்டும் சார்" என்பார். என்னிடமும் ஒருவர் அப்படிப் பையை நீட்டியிருக்கிறார். வாங்கவில்லை. அன்று ராத்திரி கை நடுங்கியது உண்மை.

---

பனையோலை

ஐயா சொன்ன பை விசயத்திலதான் எனக்கு ஒரு யோசனை வருது. எல்லாரும் வில்லியம்ஸ், காட்டோ எண்டு அந்தச் சண்டைக்குள்ளயே தேடுகினம். கொண்டெல்லோ கொல்லப்படேக்க வில்லியம்ஸ் உள்ள போய் ஒண்டரை வருசத்துக்கு மேல. தம்பி சொன்ன ஜேசன்ர அப்பா லூயிஸ் மொரான் 2004 மார்ச்சிலயே முடிஞ்சுது. அவையின்ர பக்கத்துக் கின்னிபர்க் 2003 டிசம்பரில. வில்லியம்ஸ் பக்கத்துத் துப்பாக்கிக்காரன் வெனியாமினும் 2004 மார்ச்சில செத்தவன், அவனைச் சுட்ட வழக்கில காட்டோ தற்காப்பு எண்டு 2005இல விடுதலை. சண்டை கிட்டத்தட்ட ஓய்ஞ்ச நேரம்.

மனிசன் பெருந்தொகை கடன் குடுத்தவர். கணக்கு எங்க இருக்கும்? வங்கியில இல்லை. அவற்ற தலைக்குள்ள. அவர் செத்தால் கடனும் செத்துது. அப்பிடி நிம்மதியாப் படுத்தவை எத்தினை பேர் எண்டு ஆர் கண்டது? இது என்ர யோசனை மட்டும், ஒருத்தரையும் சுட்டிச் சொல்லேல்லை, மட்டுறுத்துநர் கோவிக்க வேண்டாம்.

---

ராட்டர்டாம்குமரன்

பனையோலை ஐயா சொல்வதில் பெரிய பொருள் இருக்கிறது. ஹிங்ஸ்ட் விஷயத்திலும் இதே கேள்வி உண்டு. பணம் எந்த நிறுவனத்தின் பெயரில், எந்த நாட்டில் இருக்கிறது என்று தெரிந்தவர் அவர். துப்பாக்கிக்காரர்களுக்கு மாற்று ஆள் கிடைத்துவிடும். கணக்குத் தெரிந்தவருக்கு மாற்று இல்லை. அவரைக் கொன்றால் கணக்கோடு தடயமும் போகும். அடிதடி ஆட்களின் கொலைகளைவிட இந்த மாதிரிக் கொலைகள் அதிகம் துலங்காமல் போக அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

---

தெற்குவாசல்

கார்த்தி, சொன்ன மாதிரி யோசித்துவிட்டு வந்திருக்கிறேன். உங்களுக்குக் கோபம் வர வேண்டும் என்று நான் இனிக் கேட்கமாட்டேன். ஆனால் பனையோலை ஐயா எழுதியதை உங்கள் அப்பா பக்கத்திலிருந்து ஒருமுறை பாருங்கள். உங்கள் அப்பா மாதிரி ஒருவர் கொண்டெல்லோவிடம் கடன் வாங்கி எல்லாம் இழந்திருந்தால், 2006 பிப்ரவரி 7ஆம் தேதி விசாரணை தொடங்கியிருந்தால், அந்த ஆள் எப்படி வாழ்ந்தார், யாரோடு பேசினார், பணம் எங்கிருந்து வந்தது என்பது வாரக்கணக்கில் நீதிமன்றத்தில் அலசப்பட்டிருக்கும். சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்திருப்பார்கள். ஒரு தீர்ப்பு வந்திருக்கும். அந்தத் தீர்ப்பைச் சுட்டவன் எடுத்துக்கொண்டு போய்விட்டான். கொண்டெல்லோவின் உயிரோடு சேர்த்து, அவரால் அடிபட்டவர்கள் கேட்டிருக்க வேண்டிய பதிலும் அந்த ஷெட்டுக்குள் போயிற்று. எனக்கு உறுத்துவது அது.

கார்ல் வில்லியம்ஸிடமிருந்து ஏதாவது வரும் என்ற வழியும் 2010 ஏப்ரல் 19 அன்று அடைபட்டது. பார்வன் சிறையில் உச்சப் பாதுகாப்புப் பகுதியிலேயே, கூட இருந்த கைதி அடித்துக் கொன்றான். போலீஸ் தகவலாளி டெரன்ஸ் ஹாட்சனும் மனைவி கிறிஸ்டீனும் 2004 மே மாதம் வீட்டுக்குள் கொல்லப்பட்ட வழக்கில் வில்லியம்ஸ் சாட்சி சொல்ல இருந்தார். அவர் போனதும் அந்த வழக்கும் கீழே விழுந்தது. ஒருவர் வாயை மூடினால் எத்தனை கோப்புகள் மூடுகின்றன பாருங்கள்.

---

கார்த்தி_88

தீர்ப்பை எடுத்துட்டுப் போயிட்டான்னு சொன்னீங்களே, அது புரியுது அண்ணா. அப்பா விஷயத்துலயும் வட்டிக்காரன் ஆக்சிடென்ட்ல செத்துட்டான். கேஸ் அப்படியே நின்னுபோச்சு. நாங்க கொடுத்த பத்திரம் எங்க இருக்குன்னு இன்னும் தேடிட்டுதான் இருக்கோம். இதை நான் முதல் பதிவுல எழுதல. கொண்டெல்லோ மேல எனக்கு இருக்கற எண்ணம் மாறல, ஆனா கோப்பு திறந்தே இருக்கட்டும்.

---

நீலமலர்

தம்பி, பத்திரம் பதிவு செய்யப்பட்டதா? பதிவாகியிருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கலாம். ஐயா குறுக்குவிசாரணை உங்களுக்கு இன்னும் சரியாகச் சொல்வார், தனிமடலில் எழுதுங்கள்.

பனையோலை அண்ணாவிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்த இத்தாலியப் பெரியவர் பிறகு எப்போதாவது பேசினாரா?

---

பனையோலை

ஒருக்கா, பிள்ளை. வேலையால நிண்டு கன வருசத்துக்குப் பிறகு ஆசுபத்திரியில பாக்கப் போனனான். மனிசன் பழசெல்லாம் கதைச்சுக்கொண்டிருந்தார். நான் கேக்கேல்லை. அவரே சொன்னார், தன்ர தம்பியும் அந்தக் காலத்தில வட்டிக்குக் காசு எடுத்தவன் எண்டு. ஆரிட்ட எண்டு சொல்லேல்லை. பிறகு தாதி வந்திட்டா. அடுத்த கிழமை ஆள் போயிட்டார்.

---

தெற்குவாசல்

ஐயா, நன்றி. மெல்பர்னில் இருந்து இதைப் படிப்பவர்களில், அல்லது அவர்களுடைய அக்கம்பக்கத்தாரில், அந்தக் காலத்தைப் பற்றி ஏதாவது தெரிந்தவர்கள் இருக்கலாம். விக்டோரியாவில் குற்றத் தகவல் சொல்லும் இலவச எண் 1800 333 000. பெயர் சொல்லத் தேவையில்லை. ஆங்கிலம் தடையாக இருந்தால் முதலில் 131 450ஐக் கூப்பிட்டுத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்டு, அவர்கள் வழியாக இணைக்கச் சொல்லலாம்.